வெள்ளணுவின் மேல் எதிர்ப்பொருள் அமர்ந்தால் என்ன நடக்கும்?

சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த அவருடைய தாயாருக்கு நிணநீர்க்கணுப் புற்றுநோய் என்று ஈப்போவில் கண்டறிந்து, ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது ஓர் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி என்றும், வெள்ளணுக்களை அழிக்கும் என்றும் விளக்கியிருக்கிறார்கள். அதே லயத்தில் முன்பு குடியிருந்த ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய்க்காகக் கொடுக்கப்படும் பெம்ப்ரோலிசுமாபும் எதிர்ப்பொருள்தான். ஆனால் அது வெள்ளணுக்களை எழுப்பிவிடும் என்கிறார்கள். கிருமியைப் பிடிப்பதற்காக வெள்ளணுக்களே சுரக்கும் ஒரு பொருள், வெள்ளணுவையே ஓரிடத்தில் கொல்வதும் வேறோரிடத்தில் எழுப்புவதும் எப்படி என்பது அவருடைய ஐயம். பேராக்கில் மருத்துவ ஆய்வுக்கூடப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

டீச்சர், கொல்லும் குணமோ எழுப்பும் குணமோ எதிர்ப்பொருளுக்குத் தனியாகக் கிடையாது. அது இரண்டு கைகளும் ஒரு வாலும் உள்ள ஒரு புரதம், அவ்வளவுதான். கைகள் இரண்டும் ஒரே வகை இலக்கைத்தான் பற்றும். அது எந்தப் புரதத்தின் மேல் அமர்ந்தது, அந்தப் புரதம் அந்தச் செல்லுக்கு என்ன வேலை செய்கிறது, அப்படிப்பட்ட எத்தனை புரதங்களை ஒரே இடத்தில் இழுத்துச் சேர்த்தது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை யார் பிடித்தார்கள் என்பவைதாம் விளைவைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்ன வாலைப் பற்றித்தான் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைகள் ஒன்றுமே சொல்வதில்லை. என் கணிப்பில் பாதிக் கதை அந்த வாலில்தான் இருக்கிறது.

கையையும் வாலையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று 1959இல் காட்டியவர் இங்கிலாந்தின் ரோட்னி போர்ட்டர். அவர் பயன்படுத்திய கத்தி பப்பெயின் என்ற நொதி; நம் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் பப்பாளியின் பாலில் இருப்பது அதுவே. பப்பெயினால் வெட்டும்போது எதிர்ப்பொருள் மூன்று துண்டாகிறது: தனித்தனியான இரண்டு கைகள், ஒரு வால். பின்னர் ஆல்ஃபிரட் நிசனாஃப், பெப்சின் என்ற வயிற்று நொதியால் வெட்டி, வால் இல்லாமல் இரண்டு கைகளும் சேர்ந்தே இருக்கும் துண்டைப் பெற்றார். முழு எதிர்ப்பொருள், வாலில்லாத இரட்டைக் கை, தனிக்கை ஆகிய இம்மூன்றையும் ஒரே வகை லிம்போசைட்டின் (வெள்ளணுக்களில் ஒரு பிரிவு) மேல் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், விளைவு எதனால் வருகிறது என்பது தெளிந்துவிடும். இத்துறையின் நல்ல சோதனைகள் பலவற்றுக்கு அடிப்படை இதுதான்.

லிம்போசைட்டின் மேற்பரப்பு வழவழப்பான தோல் அன்று. நூற்றுக்கணக்கான வகைப் புரதங்கள் அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதற்கே எதிர்ப்பொருள்கள்தாம் உதவின. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை அளவின்றி உற்பத்தி செய்யும் முறையைக் கண்டபின், உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் தத்தம் எதிர்ப்பொருள்களுக்குத் தத்தம் பெயர்களைச் சூட்டிக் குழப்பத்தை உண்டாக்கின. 1982இல் பாரிஸில் கூடிய பட்டறையொன்று, சிடி என்ற முன்னெழுத்தோடு எண் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. சிடி3, சிடி4, சிடி20 எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு நம் மருத்துவமனைகளில் எடுக்கும் சிடி4 எண்ணிக்கையும் இதுதான்: ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் கலந்து, சாயம் ஒட்டிய செல்களைக் கருவி எண்ணுகிறது. அங்கே எதிர்ப்பொருள் வெறும் அடையாளச் சீட்டு. அதே எதிர்ப்பொருளை உயிருள்ள செல்லோடு மூன்று நாள் வளர்ப்பில் விட்டுவைத்தால் அது அடையாளச் சீட்டாக மட்டும் இருந்துவிடாது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் செல் (Sell), ஜெல் (Gell) என்ற ஆய்வாளர்கள் இருவரும் அடங்குவர். முயலின் லிம்போசைட்டுகளோடு, அம்முயலின் எதிர்ப்பொருள்களையே இலக்காகக் கொண்ட சீரத்தைச் சேர்த்தபோது, அவை அழியவில்லை. பருத்து, பிளவுபடத் தொடங்கின என்று 1965இல் அவர்கள் எழுதினார்கள். எதிர்ப்பொருள் உண்டாக்கும் லிம்போசைட் வகையான பி செல்லின் மேற்பரப்பில் அதன் சொந்த எதிர்ப்பொருளே ஏற்பியாக, அதாவது செய்தியை வாங்கும் புரதமாக, நிற்கிறது என்பதற்கு அது ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று. கிருமி வந்து அந்த ஏற்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து இழுக்கும்போது செல்லுக்குள் செய்தி போகிறது. வெளியிலிருந்து வந்த எதிர்ப்பொருளும் இரண்டு கைகளால் அதே இழுப்பைச் செய்வதால், கிருமி வந்ததாகவே செல் எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் வால் குறுக்கிடுகிறது. வாலில்லாத இரட்டைக் கைத் துண்டைப் போட்டால் பி செல் நன்றாகப் பெருகுகிறது. வாலோடு முழு எதிர்ப்பொருளைப் போட்டால் பெரும்பாலும் மந்தமாகவே இருந்துவிடுகிறது. காரணம், பி செல்லின் மேலேயே வாலைப் பிடிக்கும் இன்னொரு ஏற்பி இருக்கிறது. அது அடக்கும் வகையைச் சேர்ந்தது. கை ஒரு பக்கம் எழுப்பும் ஏற்பியையும், வால் மறுபக்கம் அடக்கும் ஏற்பியையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளும்போது, அடக்கும் செய்தி வென்றுவிடுகிறது. போதிய எதிர்ப்பொருள் ஏற்கெனவே சுரந்துவிட்டது, இனிமேலும் சுரக்க வேண்டாம் என்று உடல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

லிம்போசைட்டின் இன்னொரு வகையான டி செல்லில் நிலைமை நேர்மாறு. டி செல்லின் ஏற்பியோடு ஒட்டி நிற்கும் சிடி3 என்ற புரதக் கூட்டத்தைப் பற்றும் ஓகேடி3 என்ற எலி எதிர்ப்பொருளை எடுத்துக்கொள்வோம். தூய்மைப்படுத்திய டி செல்களோடு அதைக் கரைசலாகச் சேர்த்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அதே குழாயில் கொஞ்சம் மோனோசைட்டுகளையும் (இவை வேறொரு வகை வெள்ளணு) சேர்த்தால் டி செல்கள் கடுமையாகப் பெருகுகின்றன. மோனோசைட்டுகள் தம் மேலுள்ள ஏற்பிகளால் எதிர்ப்பொருளின் வால்களைப் பிடித்து வரிசையாக நிறுத்திவைக்கின்றன. அந்த வரிசையின் மேல் டி செல் வந்து அமரும்போது அதன் சிடி3 புரதங்கள் ஒரே இடத்தில் நெருக்கமாகத் திரள்கின்றன. மோனோசைட்டுக்குப் பதிலாக எதிர்ப்பொருளைப் பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஒட்டவைத்தாலும் பலன் கிடைக்கிறது. தனிக்கையை மட்டும் கரைசலாகக் கொடுத்தால் எழுச்சி இல்லை. அது வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆக, டி செல்லை எழுப்புவதற்கு வேண்டியது பற்றுதல் அன்று, திரட்டுதல்.

இந்த ஓகேடி3தான் மனிதருக்கு மருந்தாக ஒப்புதல் பெற்ற முதல் ஒற்றைவகை எதிர்ப்பொருள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும்போது, நிராகரிக்கும் டி செல்களை அடக்குவதற்காக அதைக் கொடுத்தார்கள். 1985இல் வெளிவந்த ஆய்வில், ஓகேடி3 பெற்றவர்களில் 94 விழுக்காட்டினருக்கு நிராகரிப்பு அடங்கியது. வழக்கமான ஸ்டீராய்டு பெற்றவர்களில் அது 75 விழுக்காடு. குழாயில் டி செல்லை எழுப்பிய அதே பொருள் நோயாளியின் உடலில் அதை அடக்கியது எப்படி? உண்மையில் உடலிலும் அது முதலில் எழுப்பத்தான் செய்தது. முதல் ஊசிக்குப் பின் சில மணி நேரத்துக்குள் கடுங்காய்ச்சல், நடுக்கம், சிலருக்கு மூச்சுத்திணறல் எல்லாம் வந்தன. டி செல்கள் திடீரென்று எழுப்பப்பட்டு, செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களான சைட்டோகைன்களைக் கொட்டியதன் விளைவு அது. அதன் பிறகே டி செல்கள் இரத்த ஓட்டத்தைவிட்டு மறைந்தன. எஞ்சியவை தம் மேற்பரப்பிலிருந்த சிடி3யை உள்ளே இழுத்துக்கொண்டு, காதிருந்தும் கேளாத நிலைக்குப் போயின. எழுப்பும் எதிர்ப்பொருள், அடக்கும் எதிர்ப்பொருள் என்று இரண்டு பெட்டிகளில் போட்டுப் படிப்பவர்கள் இந்த ஓர் உதாரணத்திலேயே தடுமாறிப் போவார்கள்.

எலியின் எதிர்ப்பொருள்களில் வேறொரு வால் வகையைச் சேர்ந்த சிடி3 எதிர்ப்பொருள்களைக் கொண்டு 1980களின் தொடக்கத்தில் சோதித்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். ஒரே அளவு எதிர்ப்பொருள், ஒரே முறை. சிலருடைய டி செல்கள் பெருகின, சிலருடையவை அசையவே இல்லை. குறை டி செல்லில் இல்லை. மோனோசைட்டின் மேலுள்ள வால் ஏற்பியில், 131ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரு வகை அந்த எலி வாலை இறுகப் பிடிக்கும், மற்றது பிடிக்காது. பிடிக்காத வகையை மட்டும் உடையவர்கள் ஐரோப்பியர்களைவிடக் கிழக்காசிய மக்களிடையே அதிகம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லா இரத்தமும் ஒரே அலமாரியில் வந்து நிற்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவனுக்கு இது வெறும் பாடநூல் செய்தியாகப் படவில்லை. ஒரு நாட்டு மக்களிடம் பார்த்த விளைவை இன்னொரு நாட்டு மக்களுக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான்.

அடுத்து, டி செல்லுக்கு ஒரு செய்தி மட்டும் போதாது. தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள்கணக்கு) எடுத்த காலத்தை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்: மணி அடித்ததும் எல்லாரும் வந்து நிற்பார்கள், ஆனால் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயரை வாசித்து நிரையைக் கொடுத்தாலொழிய யாரும் கத்தியோடு காட்டுக்குள் போக மாட்டார்கள். சிடி3 வழியாக வருவது மணி. சிடி28 என்ற புரதத்தின் வழியாக வருவது பெயர் வாசிப்பு. சிடி28ஐ எழுப்பும் கூட்டாளிப் புரதங்கள், கிருமியைக் கண்ட செல்களின் மேல்தான் மிகுதியாகத் தோன்றும். முதல் செய்தி மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால், டி செல் சும்மா இருப்பதோடு நிற்பதில்லை. பின்னர் இரண்டும் சேர்ந்து வந்தாலும் எழாத ஒரு மரத்த நிலைக்குப் போய்விடக்கூடும். ஆய்வுக்கூடத்தில் டி செல்லைப் பெருக்க வேண்டும் என்றால் சிடி3, சிடி28 இரண்டுக்குமான எதிர்ப்பொருள்களையும் நுண்ணிய உருண்டைகளின் மேல் ஒட்டிப் போடுகிறோம். இரத்தப் புற்றுநோய்க்காக நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து மரபணு மாற்றித் திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சையிலும் செல்களைப் பெருக்க இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

சிடி28ஐப் பற்றும் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை, சிடி3 செய்தியும் கூடவே இருந்தால் மட்டுமே வேலை செய்யும். ஆனால் ஜெர்மனியின் உர்ஸ்புர்க்கில் தாமஸ் ஹூனிக் குழுவினர் ஒரு விதிவிலக்கைக் கண்டார்கள். சிடி28இன் வேறோர் ஓரத்தைப் பற்றும் ஓர் எதிர்ப்பொருள், சிடி3 செய்தி இல்லாமலே டி செல்லை முழுதாக எழுப்பியது. எலிகளில் அது, மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்களைக் கூடுதலாகப் பெருக்கியதால், மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கு உதவும் என்று எதிர்பார்த்தார்கள். மனித வடிவில் அதற்கு டிஜிஎன்1412 என்று பெயர்.

2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் 8 ஆரோக்கியமான இளைஞர்கள் அதன் முதல் சோதனைக்கு வந்தார்கள். இருவருக்கு வெறும் கரைசல். ஆறு பேருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் மருந்து. குரங்குகள் எந்தத் தொல்லையும் இன்றித் தாங்கிய அளவில் அது 500இல் ஒரு பங்கு. ஒருவருக்கு ஏற்றிப் பத்து நிமிடம் கழித்து அடுத்தவருக்கு என்ற வேகத்தில் ஆறு பேருக்கும் ஏற்றி முடித்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, வாந்தி, காய்ச்சல். பின்னர் இரத்த அழுத்தம் சரிந்தது. ஒரு நாளுக்குள் ஆறு பேரும் தீவிரச் சிகிச்சையில் இருந்தார்கள். அவர்களின் லிம்போசைட் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் விழுந்துவிட்டது. ஆறு பேரும் பிழைத்தார்கள், ஒருவர் விரல் நுனிகளை இழந்தார். இடையே ஒரு நாள் விட்டு ஒருவருக்கு ஒருவர் ஏற்றியிருந்தால் ஐந்து பேருக்கு அந்தத் துன்பமே நேர்ந்திராது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

குரங்கு ஏன் தாங்கியது? குரங்கின் சிடி28இலும் எதிர்ப்பொருள் பற்றுகிற பகுதி மனிதருடையதைப் போன்றதுதான். ஆனால் மனிதரின் நினைவு டி செல்களில், உடனே செயலில் இறங்கக்கூடிய ஒரு பிரிவினர் சிடி28ஐ மேற்பரப்பில் வைத்திருக்கிறார்கள். சோதித்த குரங்கினத்தில் அதே பிரிவு சிடி28ஐக் கைவிட்டுவிடுகிறது என்று 2010இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இலக்கு ஒன்றே ஆனாலும் அதைத் தாங்கி நிற்கும் செல் வேறு.

மனித இரத்தத்தில் செய்த முன்சோதனையும் எச்சரிக்கவில்லை. இரத்தத்திலிருந்து பிரித்த செல்களோடு டிஜிஎன்1412ஐக் கரைசலாகச் சேர்த்தபோது சைட்டோகைன் வரவே இல்லை. எதிர்ப்பொருளைத் தட்டின் மேல் உலர வைத்து, அதன்மேல் செல்களைப் போட்டபோதுதான் கொட்டியது. பிறகு ஹூனிக் குழுவினரே இன்னொரு விளக்கம் தந்தார்கள். நிணக்கணுவுக்குள் நெருக்கமாக இருக்கும்போது டி செல்கள் அண்டைச் செல்களைத் தொட்டுத் தொட்டு ஓரளவு விழிப்பில் இருக்கின்றன. இரத்தத்தில் மிதக்கும்போது அந்த விழிப்பு குறைந்துவிடுகிறது. இரத்தச் செல்களை இரண்டு நாள் அடர்த்தியாக ஒன்றாக வளர்த்துவிட்டு அதே எதிர்ப்பொருளைக் கரைசலாகக் கொடுத்தபோது அவை பலமாக எழுந்தன. நாம் ஊசியில் எடுப்பது இரத்தம். லிம்போசைட்டுகளில் மிகப் பெரும்பான்மை வாழ்வதோ இரத்தத்துக்கு வெளியே. ஆய்வுக்கூட முடிவுத் தாளைப் படிக்கும் எவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்நிகழ்வுக்குப் பின் முதல் மனிதச் சோதனைகளில், விலங்கு தாங்கிய உச்ச அளவிலிருந்து கணக்கிடுவதை மட்டும் நம்பாமல், மனிதச் செல்லில் விளைவு தோன்றத் தொடங்கும் மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கும் முறை வலுப்பெற்றது.

இனி உங்கள் பழைய அண்டை வீட்டாரின் மருந்துக்கு வருகிறேன். டி செல்லை எழுப்பும் புரதங்கள் உண்டு என்றால் நிறுத்தும் புரதங்களும் உண்டு. 1987இல் கண்ட சிடிஎல்ஏ-4, 1992இல் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் கண்ட பிடி-1 இரண்டும் அவ்வகை. சிடிஎல்ஏ-4 எழுப்பும் புரதமா நிறுத்தும் புரதமா என்று சில ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. அதற்கான எதிர்ப்பொருளைப் போட்டால் டி செல்கள் கூடுதலாகப் பெருகின. எதிர்ப்பொருள் சிடிஎல்ஏ-4ஐ முடுக்கியதால் பெருகினவா, மறைத்ததால் பெருகினவா? 1994இல் இதற்கு விடை தேடியவர்கள் போர்ட்டரின் பப்பாளி நொதி வழியைத்தான் எடுத்தார்கள். திரட்ட முடியாத தனிக்கையைக் கொடுத்தாலும் பெருக்கம் கூடியது. மாறாக, சிடிஎல்ஏ-4ஐ வேண்டுமென்றே திரட்டியபோது பெருக்கம் குறைந்தது. எனவே அது நிறுத்தும் புரதம், எதிர்ப்பொருள் அதை மறைத்து நிற்கிறது என்பது உறுதியானது. அடுத்த ஆண்டு, சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களிலேயே கட்டற்ற லிம்போசைட் பெருக்கத்தால் இறந்தன என்ற செய்தியும் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசன் இதைப் புற்றுநோய்க்குத் திருப்பினார். 2011இல் சிடிஎல்ஏ-4ஐ மறைக்கும் இபிலிமுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, 2014இல் பிடி-1ஐ மறைக்கும் மருந்துகள் வந்தன, 2018இல் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, பெம்ப்ரோலிசுமாப் வெள்ளணுவை நேரடியாக எழுப்புவதில்லை. புற்றுச் செல் டி செல்லின் பிடி-1ஐத் தொட்டு அதை நிறுத்த முயலும்போது, அந்தத் தொடுதல் நிகழாதபடி குறுக்கே நிற்கிறது. இங்கே வால் எப்படி இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். காப்பாற்ற வேண்டியது டி செல்லை. வாலைக் கண்டு மற்றக் கொல்லிச் செல்கள் வந்து அதையே தின்றுவிடக் கூடாது. அதனால்தான் கொல்லிகளை அழைக்கும் வலிமை குறைந்த ஐஜிஜி4 வகை வாலோடு அதை வடிவமைத்திருக்கிறார்கள். (டிஜிஎன்1412க்கும் ஐஜிஜி4 வால்தான் இருந்தது, சாந்தமான வால் எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றிவிடாது.) தடை நீங்கிய டி செல்கள் புற்றைத் தவிர வேறெதையும் தாக்காது என்ற உறுதியும் இல்லை. தைராய்டு, பெருங்குடல், நுரையீரல், தோல் ஆகியவற்றில் தன்னெதிர்ப்பு அழற்சி தோன்றலாம். அவர் வயிற்றுப்போக்கையோ புதிய இருமலையோ சாதாரணமாக எண்ணி மருந்துக்கடை மாத்திரையோடு இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தயவுசெய்து அவர் காதில் போடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கான ரிட்டுக்ஸிமாப், வாலை முழுக்க முழுக்க நம்பியிருக்கும் மருந்து. 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது பற்றுவது சிடி20 என்ற புரதத்தை. இப்புரதம் பி செல்லின் படலத்தை நான்கு முறை ஊடுருவி நிற்கிறது. எதிர்ப்பொருள் அமர்ந்தாலும் எளிதில் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆகவே வால்கள் வெளியே நீட்டிக்கொண்டே நிற்கின்றன. அவ்வால்களைப் பிடித்து மூன்று வகையில் அழிவு வருகிறது: இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் செல்லின் படலத்தில் துளையிடுகின்றன, இயற்கைக் கொல்லி செல்கள் நச்சைப் பாய்ச்சுகின்றன, கல்லீரல் முதலிய இடங்களிலுள்ள விழுங்கு செல்கள் முழுதாக விழுங்குகின்றன. இயற்கைக் கொல்லி செல்லின் வால் ஏற்பியிலும், 158ஆம் இடத்தில், ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. இறுகப் பிடிக்கும் வகையை உடையவர்களுக்கு ஒரு வகை லிம்போமாவில் (நிணநீர்க்கணுப் புற்றுநோயில்) ரிட்டுக்ஸிமாப் கூடுதலாகப் பலன் தந்தது என்று 2002இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கொல்லிகளின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. புற்றுச் செல்கள் மிக அதிகமாக இருந்து, விழுங்கு செல்கள் திணறும் நிலையில், அவை செல்லை விழுங்குவதற்குப் பதிலாக எதிர்ப்பொருளோடு சேர்த்துச் சிடி20ஐ மட்டும் பிய்த்து எடுத்துவிடுகின்றன. அந்தச் செல் சிடி20 இல்லாமல், மருந்துக்குப் புலப்படாமல் தப்பித்துவிடுகிறது. மருந்தை அதிகமாகக் கொட்டினால் அதிகமாகக் கொல்லும் என்ற எளிய கணக்கு இங்கே செல்லாது.

சிடி20 புற்றுச் செல்லில் மட்டும் இல்லை. நல்ல பி செல்களிலும் இருக்கிறது. எனவே அவையும் அழிந்து, இரத்தத்தில் ஏறத்தாழ ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை பி செல் காண்பது அரிது. ஆனால் பி செல்லைப் பெற்றெடுக்கும் தண்டுச் செல்லிலும், எதிர்ப்பொருளைச் சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா செல்லிலும் சிடி20 கிடையாது. ஆகவே மருந்து நின்றபின் பி செல்கள் திரும்ப உருவாகின்றன. பழைய நோய்களுக்கும் தடுப்பூசிகளுக்கும் ஏற்கெனவே உண்டான எதிர்ப்பொருள்களும் பெரும்பாலும் நீடிக்கின்றன. இயலாமல் போவது, புதிய கிருமிக்கோ புதிய தடுப்பூசிக்கோ புதிதாக எதிர்ப்பொருள் உண்டாக்குவது.

மற்றப் புரதங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சிடி2இல் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பற்றும் குறிப்பிட்ட எதிர்ப்பொருள்கள் தனித்தனியே டி செல்லை எழுப்புவதில்லை, சேர்ந்து கொடுத்தால் எழுப்புகின்றன என்று 1984இல் கண்டார்கள். ஒரே புரதத்திலும் எந்த மூலையைப் பற்றுகிறோம் என்பது முக்கியம் என்பதற்கு அது நல்ல சான்று. லிம்போசைட் இரத்தக்குழாயைவிட்டு மூளைக்குள் நுழைய உதவும் ஒட்டுப் புரதத்தை மறைக்கும் நட்டாலிசுமாப், செல்லைக் கொல்வதும் இல்லை, எழுப்புவதும் இல்லை; வழியை மட்டும் அடைக்கிறது. மூளைத்தண்டுவட நோயான மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸுக்கு அது நன்றாக வேலை செய்தது. ஆனால் மூளையைக் காவல் காக்கும் லிம்போசைட்டுகளும் உள்ளே போக முடியாததால், அடங்கிக் கிடந்த ஜேசி வைரஸ் சிலருக்கு மூளையை அழித்தது. 2005இல் விற்பனையை நிறுத்தி, கடும் கண்காணிப்போடு 2006இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சிடி3 கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. வாலில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, மோனோசைட் எளிதில் பிடிக்க முடியாதபடி செய்த டெப்லிசுமாப் என்ற சிடி3 எதிர்ப்பொருளை, முதல் வகை நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களுக்கு 14 நாள் கொடுத்தார்கள். நோய் வெளிப்படும் இடைநிலைக் காலம் ஏறத்தாழ 24 மாதத்திலிருந்து 48 மாதமாக நீண்டது என்று 2019இல் முடிவு வந்தது. 2022இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஓகேடி3 பிடித்த அதே இலக்குதான், வால் மட்டும் வேறு. அந்தக் கடும் நடுக்கம் இல்லை. நம் தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வீடு காணும் சர்க்கரை நோய் பெரும்பாலும் இரண்டாம் வகை என்பதால் இம்மருந்து அதற்கு உரியது அன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளையே யாராவது கிளினிக்கில் போய்க் கேட்பார்கள்.

ஈப்போவுக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது ஹெப்பாட்டிட்டிஸ் பி. மலேசியாவில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் அத்தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. உங்கள் அம்மாவின் தலைமுறையில் பலருக்கு அந்த வைரஸ் எப்போதோ வந்து, அடங்கி, கல்லீரலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். பி செல்கள் அழிந்தபின் அது விழித்தெழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ரிட்டுக்ஸிமாபுக்கு முன் மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனையோடு, பழைய தொற்றைக் காட்டும் உள்ளகப் புரத எதிர்ப்பொருள் சோதனையும் செய்யப்பட வேண்டும். இரண்டும் செய்யப்பட்டனவா என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, முதல் ஏற்றம். புற்றுச் செல்கள் ஒரே சமயத்தில் அழியும்போது சைட்டோகைன்கள் வெளிப்படுவதால் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். ஓகேடி3 நோயாளிகள் பட்டதற்கு இது தூரத்து உறவு. இதற்காகவே பாராசிட்டமோலும் ஒவ்வாமை மருந்தும் முன்கூட்டியே கொடுத்து, மணிக்கு 50 மில்லிகிராம் என்று தொடங்கி மெதுவாக வேகத்தைக் கூட்டுவார்கள். அன்றைக்குப் பாதி நாளுக்கு மேல் ஆகும், பேருந்து நேரத்தை நம்பிப் போகாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், ஏற்றும்போது அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால், அன்று காலை அதைச் சாப்பிடலாமா என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

மூன்றாவது தடுப்பூசி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை அவருக்குப் போடக் கூடாது. சளிக்காய்ச்சல், நிமோனியா போன்ற செயலிழந்த தடுப்பூசிகளை முடிந்தால் மருந்து தொடங்குமுன் சில வாரங்களாவது இடைவெளி விட்டுப் போட்டுவிடுவது நல்லது. புற்றுநோய் காத்திருக்குமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தொடங்கிவிட்டால் அவருக்குப் போடும் ஊசிக்கு உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவது கடினம் என்பதால், வீட்டில் அவரோடு இருக்கும் நீங்களும் பிள்ளைகளும் உங்கள் ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.